டாவன்னா

மாநகரசபைப் பொடியன் திலங்க
நேற்றுப் பின்னேரம் பொதுக்குழாய்க் கம்பத்தில்
கட்டிவிட்டுப் போன மஞ்சள் தகரத்தில்
மும்மொழியிலும் தடை.
சிங்களம் சரி.
ஆங்கிலம் சரியாய்த்தான் இருக்கும்.
தமிழ் மட்டும்
ஓரெழுத்து மாறி,
'காற்று ஓயும்வரை யாரும்
தீ மூட்ட வேண்டும்' என்கிறது.

சிரித்தோம்.
ரம்ஸீன் ஓட்டோவை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
"சபை சொன்னா கேக்கணும் தானே,
எடுங்க நெருப்புப் பெட்டிய."

பத்தொன்பது நாளாய் மழையில்லை.
ஆற்றுவாய்ப் பக்கம் நாணல்
தொட்டால் அப்பளமாய் நொறுங்கும்.
அதற்கு இந்தப் பக்கம் நாங்கள்:
பலகை, தார்க்காகிதம், நாற்பத்தொரு கதவு.
இங்கே இருமினால்
அடுத்த வீட்டில் பிள்ளை விழிக்கும்.
இரண்டு மணிக்குக் கடல்
காற்றை அவிழ்த்துவிடுகிறது.
முந்தாநாள் கொடியில் கிடந்த பள்ளிச் சட்டை
மீன்வாடிவரை ஓடிப்போனது.
சட்டைக்கே அந்த ஓட்டம்.

கொன்சலீற்றா நாளுக்கு
இருநூறு இடியப்பம் அவிப்பவள்.
விறகடுப்பு. காஸ் வாங்க வழியில்லை.
ஏழு நாள் தடையென்றால்
ஆயிரத்து நானூறு,
சம்பல் சேர்க்காமல்.
"தமிழில மூட்டச் சொல்லித்தானே போட்டிருக்கு?"
அவள் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

நானும் பேசாமல் நின்றேன்.
இரண்டு மாசிக்கு முன்
எங்கள் வரிசையில் ஒன்பது வீடு போனது.
தீயணைப்பு வண்டி வந்தது, குறை சொல்லக்கூடாது.
ஒழுங்கையின் வாயில்
தோள் இடித்து நின்றுவிட்டது.
குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்த ஒருவன்
இடையில் என் பெயரைக் கேட்டான்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.
சொன்னேன்.
இந்த நகரத்தில்
அடையாள அட்டையை நீட்டாமல்
ஒரு சீருடைக்குப் பெயர் சொன்னது
அதுதான் முதல்தரம்.

இன்று விடிய எழும்பி
கொன்சலீற்றாவின் கூரையைப் பார்த்திருந்தேன்.
நாலரை. ஐந்து. ஐந்தேகால்.
புகை வரவில்லை.
போய் எட்டிப் பார்த்தால்
மாப்பையின் வாயை முறுக்கிக் கட்டிவிட்டு
இருந்த பானை, சட்டி, வாளி எல்லாவற்றிலும்
தண்ணீர் பிடித்து
வாசலில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.
ஒரு சட்டி ஒழுகுகிறது.
அதையும்தான் வைத்திருக்கிறாள்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுடைய குளிர்ந்த அடுப்பிலிருந்து
ஒரு துண்டு கரி கேட்டேன்.
துருவலையும் வாங்கிக்கொண்டேன்.
எங்கள் கதிரைக்கு ஒரு கால் ஆடும்.
அந்தக் காலை ரம்ஸீன் பிடித்துக்கொள்ள
ஏறி நின்று
டு-வின் வளைவைச் சுரண்டியெடுத்து
பக்கத்தில் கரியால்
எழுத்துக்கு ஒரு கால் போட்டேன்.
இடம் போதாமல்
அது ம்-மின் மேல் சாய்ந்து நிற்கிறது.
பரவாயில்லை, வாசிக்கலாம்.

"இப்ப என்ன சொல்லுது?" என்றாள் கீழிருந்து,
கையில் நிறைந்த பானை.
"வேண்டாமாம்."
"அது தெரியும்" என்றாள்.

கரி காற்றுக்கு நிற்காது.
இரண்டு மணிக்குப் பிறகு
மறுபடி ஏற வேண்டும்.