முக்கால் ஜல்லி

சதக்கத்துல்லா அண்ணனின் பஜேரோவுக்கு
பேட்டரி மாற்றியாயிற்று.
இனிச் சாக்கு இல்லை.
வருகிற ஞாயிறு மலீஹா.

ரோலாவில், எங்கள் ஹாலில்,
துணி காயும் ஸ்டாண்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே
கூடி உட்கார்ந்திருக்கிறோம்.
ரஹ்மத்துன்னிசா பழைய கேஸ் பில்லின் முதுகில்
கணக்கு எழுதுகிறாள்.
பெரியவர் நாலு, பிள்ளை மூன்று.
கடைசிக்கு டிக்கெட் வேண்டாம், மடியில் இருக்கும்.
அதன் சீட்டில் ஐஸ்பெட்டி.
தண்ணீர் இரண்டு அட்டை.
மணலில் இறங்கினால்
டயரில் காற்றைப் பாதியாக்க வேண்டும் என்கிறார் அண்ணன்,
மணலில் ஒருநாளும் இறங்காதவர்.

காலையா மாலையா என்று தகராறு.
காலையென்றால் மூடுபனி.
போன வாரம் தைத் சாலையில்
முன்னால் போன லாரியின் விளக்கே தெரியவில்லையாம்.
மாலையென்றால் பாறை சிவக்கும், நட்சத்திரம் வரும்,
ஆனால் திங்கள் விடியற்காலை நாலரைக்கு
இவருக்குக் கம்பெனி பஸ்.

இவர் வாய் திறக்கவில்லை.
கிரஷரில் வேலை பார்க்கும் மனுஷனிடம்
பாறை பார்க்கப் போவோமா என்று கேட்டது நான்தான்.
மூன்று குளிர்காலமாகக் கேட்கிறேன்.
முதல் வருடம்,
"உப்பளத்துக்காரனுக்குக் கடலைக் காட்டுறியா" என்று சிரித்தார்.
இரண்டாம் வருடம் சிரிக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள்
புஜைரா பக்கத்தில் ஒரு மலையைத்
தின்கிறார்கள் இவர்கள்.
வெடி வைத்து, வாரி, இரும்புத் தாடையில் கொடுத்து
முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் ஜல்லி, தூள்.
சனி இரவு வீடு வரும்போது
புருவத்தில் கொஞ்சம் மலை இருக்கும்.
தலையணை உறையை உதறினால் இன்னும் கொஞ்சம்.
நாங்கள் குடியிருக்கும் ஒன்பதாவது மாடியைத்
தாங்கும் தூணிலும் இருக்கலாம்.
யார் கண்டது.

ஒருநாள் பெல்ட்டில் ஒரு சிப்பி வந்ததாம்.
கல்லுக்குள்ளேயே கல்லாக,
உள்ளங்கை அகலம்,
விசிறி மடிப்பு மடிப்பாய்.
கையை நீட்டுவதற்குள் தாடைக்குப் போய்விட்டது.
பெல்ட்டை நிறுத்த ஒரு சிவப்புக் கயிறு உண்டு.
விரல் மாட்டினால் இழுக்கலாம்.
சிப்பிக்காக இழுத்தால் மூன்று நாள் சம்பளம்.
என்னிடம் சொல்லவில்லை இதை.
தம்பியிடம் போனில் சொன்னார்,
இங்கே மழை பெய்தது என்று சொல்கிற குரலில்.

ரஹ்மத்துன்னிசா இப்போது போனைப் பார்த்துப்
பூங்காவின் விதிகளைத் தமிழாக்கிச் சொல்கிறாள்.
குப்பை போடக் கூடாது.
நெருப்பு மூட்டக் கூடாது.
பாதையை விட்டு ஏறக் கூடாது.
ஒரு காலத்தில் இது கடலடி,
பாறையில் சிப்பிகள் தெரியும்.
கல்லோ சிப்பியோ
எதையும் எடுத்துப் போகக் கூடாது.

"திரும்பப் படிம்மா."
படித்தாள்.
"சின்னக் கல்லு கூடவா?"
"சின்னக் கல்லு கூடத்தான்."
"எடுத்தா அபராதம் போடுவானா?"
"போடுவான் போல, அண்ணே."

இவர் முகத்தில் ஒன்று வந்து நின்றது,
சம்பளம் ஏறிய மாதத்திலும் நான் பார்க்காதது.
"அப்ப சாயங்காலமே போவோம்" என்றார்.
"நான் திங்கக்கிழமை லீவு சொல்லிக்கிறேன்."

புளிச்சோறா பிரியாணியா என்பது முடிவாகாமலே
கூட்டம் கலைந்தது.

மலையேற இவரிடம் இருப்பது ஒரே ஷூ,
கம்பெனி கொடுத்த, இரும்பு மூக்கு வைத்தது.
பால்கனியில் செய்தித்தாளை விரித்துப்
பழைய பல் பிரஷ்ஷால்
அதன் அடிப்பள்ளங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்.
"அங்க மிதிக்கும்போது
இது அதோட கலந்துடக் கூடாதுல்ல"
என்கிறார், நான் ஒன்றும் கேட்காமலே.

ஷூ சுத்தமாகிவிட்டது.
தாளில் விழுந்த தூளைப் பொட்டலமாய் மடித்து
எங்கே போடுவது என்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறார்.