ஐந்தாவது ஏன்

பயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி,
தலையை மூடி, வாயை மூடி,
காற்றறையில் கைதூக்கி ஒரு சுற்று சுற்றினால்
உள்ளே விடுவார்கள்.
தண்ணீர்மலைக்குக்கூட நான்
இவ்வளவு சுத்தமாய்ப் போனதில்லை.

உள்ளே ஏழாம் எண்.
மயிரிழையில் மூன்றிலொரு பங்கு தங்கக் கம்பியால்
சில்லுகளைத் தைப்பவள்.
இரண்டு மணிக்கு மேல் நின்றுவிடுவாள்.
காரணம் சொல்ல மாட்டாள்.

லிம் சியூ ஹூன் கண்ணாடிக்கு வெளியே,
அவள் பார்வையில் படும்படி,
ஒரு பச்சைப் பாக்கெட் நொறுக்குத்தீனி வைத்திருக்கிறாள்.
தைவான் மேனேஜர் கொண்டுவந்த பழக்கம்.
மஞ்சள் பாக்கெட் என்றால் கோபிக்குமாம்,
காலாவதியானாலும் கோபிக்குமாம்.
ஃபைசுல் பொத்தானை அழுத்துமுன்
அவன் முகக்கவசம் ஒருமுறை
உள்ளிழுத்து வெளிவரும்.

ஆயுத பூஜை.
வீட்டில் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கு
எலுமிச்சை, சந்தனம், சாமந்தி.
இங்கே ஒரு துளி குங்குமம் என்றாலும்
துகள் எண்ணும் கருவி அலறும்.
இழுப்பறையில் வட்ட ஸ்டிக்கர் இருந்தது,
சிவப்பு, சுண்டுவிரல் நகமளவு.
திரைக்கு மேல், இரு விளக்குகளுக்கு நடுவே ஒட்டினேன்.
கும்பிடவில்லை, கேமரா இருக்கிறது.
கையுறையைச் சரிசெய்வதுபோல்
இரண்டு கையையும் சேர்த்தேன்.

அன்றிரவு அவள் நிற்கவில்லை.

காலையில் ஆடிட்டர்.
சிவப்பு என்றால் பழுது, தொடாதே.
பழுதான எந்திரம் பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது.
நாற்பதாயிரம் சில்லுகளைத் தனியறையில் பூட்டினார்கள்.
எனக்கு ஒரு படிவம் வந்தது,
ஐந்து முறை ஏன் என்று கேட்கும் படிவம்.

ஏன் இந்த ஒட்டு? தவறான நிறம்.
ஏன் தவறான நிறம்? சரியான நிறம் அதுதான்.
ஏன்? அன்று ஒன்பதாம் இரவு.
ஏன்? அத்தனை நேரமும் என்னோடு இருப்பது அவள்தான்.
ஏன்?

சூப்பர்வைசர் கஸ்தூரி
படிவத்தைக் கிழித்து, புதிதாய் எழுதி,
கவனக்குறைவு என்ற ஒரே சொல்லின் கீழ்
கையெழுத்து வாங்கினார்.
பிறகு அரைமணி நேர மறுபயிற்சி: நிறங்களின் பொருள்.
பச்சை நலம், மஞ்சள் காத்திரு, சிவப்பு அபாயம்.
சொல்லிக்கொண்டிருந்தவர் நெற்றியில்
நேற்றைய குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்தது.
அலுவலக அறையில் யாரும் துகள் எண்ணுவதில்லை.

நாற்பதாயிரமும் தேறின.
அதற்கு ஏன் கேட்கும் படிவம் கிடையாது.

"உன்னுடையதற்குக் காலாவதி எப்போ?"
பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்தபடி
சியூ ஹூன் கேட்டாள்.

ஸ்டிக்கரை உரித்தாயிற்று.
அந்த இடத்தில் விரல் வைத்தால்
இன்னும் கொஞ்சம் பசை.