பூஜ்ஜியம் முதல் நாற்பது வரை

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்து:
இயங்கும் வெப்பம், பூஜ்ஜியம் முதல் நாற்பது டிகிரி வரை.
படித்துவிட்டு ஆற்காடு ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
மே மாதம், காலை பத்தரை.
எதிர்க்கடை ஷட்டரைத் தொட்டவர்
கையை உதறிக்கொண்டிருந்தார்.

"வேற ஊர்ல உக்காந்து எழுதினதுக்கா அது," என்றார் முதஸ்ஸிர்.
"பூஜ்ஜியத்தப் பத்தி மட்டும் நமக்குக் கவலையில்ல."

ராணிப்பேட்டையில் பதினோரு வருடம் ஷூ வரைந்தேன்.
லாஸ்ட், அப்பர், தையல் கோடு,
திரையில் திருப்பித் திருப்பிக் காட்டுகிற வேலை.
ஆர்டர் போச்சென்று கணக்கு முடித்துக் கொடுத்த காசோலையில்
ஒரு துண்டு இப்போது இந்தக் கண்ணாடி மேசைமேல்.
இனி வீட்டிலிருந்துதான்.
ஒரே ஒரு ஷூ நிழலோடு வெளிவர
பழைய லேப்டாப்புக்கு ஒரு ராத்திரி வேண்டும்,
அதுவும் கரண்ட் இருந்தால்.

பிராசசர் எடுப்பது சுலபம், அதற்கு எண் இருக்கிறது.
மதர்போர்டுக்கோ பெயர்கள்,
எல்லாம் வாள் உருவிக்கொண்டு நிற்கிற பெயர்கள்.
நான் சண்டைக்குப் போகவில்லை.
எட்டாம் நம்பரில் குதிகால் சரியாக உட்கார வேண்டும்,
அவ்வளவுதான்.

முதலாவது ஏழு நிறத்தில் மின்னியது.
"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்க்கா."
மண்டபம் வேண்டாம்.

இரண்டாவதில் மூன்று எஸ்எஸ்டி சொருகலாம்.
மூன்றாவதைச் சொருகினால்
கிராபிக்ஸ் கார்டுக்குப் பாதை பாதியாகும்,
அதைக் குறிப்பேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒளித்து வைத்திருந்தார்கள்.
காட்பாடி மேம்பாலத்தில் தினம் பார்த்ததுதானே,
அகலமாக வந்த வண்டியெல்லாம் ஏறும் இடத்தில்
மூச்சு முட்டி நிற்பது.

மூன்றாவதை நானே தூக்கினேன்.
கனம்.
மின்சாரத்தைப் பங்கிட்டுத் தருகிற இடத்தின்மேல்
அலுமினியம், வரிவரியாக வெட்டியது, நிஜமானது.
மற்ற இரண்டில் அதே இடத்தை நகத்தால் தட்டினேன்.
மூடி. பிளாஸ்டிக் சத்தம்.
ரெக்சினுக்குத் தோல் முத்திரை குத்துவதைப் பார்த்திருக்கிறேன் நான்.

"இதுல லைட் கிடையாது. நாலு மாசமாக் கிடக்குது,
யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க."
ஆனாலும் நாலாயிரம் அதிகம்.
வெளியே போய் ஒரு மோர் குடித்தேன்.
இன்னொன்றும் குடித்தேன்.
வந்து எடுத்துக்கொண்டேன்.

எலெக்ட்ரீஷியன் எபிநேசர் பிளக்கில் மீட்டர் வைத்துவிட்டு
எர்த் காய்ந்துபோச்சு என்றார்.
கரியும் உப்பும் போட்ட குழி, ஈரமில்லாமல் வேலை செய்யாது,
தண்ணி ஊத்துங்க.
தண்ணீர்!
எங்கள் தெருக் குழாயில் அது எட்டு நாளுக்கு ஒரு தடவை.
அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது, எல்லாம் சேர்த்து
அரை பக்கெட் கொண்டுபோய்ச் சுவரோரம் ஊற்றினேன்.
சத்தமே இல்லாமல் உள்ளே போனது.
மாடியிலிருந்து லலிதகுமாரி எட்டிப் பார்த்து,
"அங்க செடியே இல்லையே?"
"கம்ப்யூட்டருக்கு," என்றேன்.
அவள் துணியை உதறிக் காயப்போட்டாள்.

ராத்திரி நெற்றியில் துண்டு கட்டி உட்கார்ந்தேன்,
வியர்வை போர்டில் சொட்டிவிடக் கூடாதென்று.
கடைசித் திருகை முடுக்கிப் பொத்தானை அழுத்த
விசிறிகள் கிளம்பின.
திரை கறுப்பு.
மெமரிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும்.
ஒரு நிமிடம். இரண்டு.
போன் போட்டேன்.
"அணைச்சிடாதீங்க! புதுசுல்ல,
ரெண்டும் ஒண்ணையொண்ணு பழகிக்கும், டைம் எடுக்கும்."
மூன்று.
நாலாயிரம் ஞாபகம் வந்தது.
அரிசித் தண்ணீர் ஞாபகம் வந்தது.
தெருமுனை டிரான்ஸ்பார்மரின் முனகலை
இவ்வளவு கவனமாக ஒருநாளும் கேட்டதில்லை.

புள்ளி அணைந்தது.
வெள்ளை எழுத்து வரிசையாக வந்து நின்றது:
மெமரி, தேதி தப்பாக, விசிறியின் வேகம்,
போர்டின் வெப்பம் முப்பத்தொன்பது.

மணி பதினொன்றரை.
இன்னும் ஒரு ஷூகூட வரையவில்லை.