பூஜ்யம் மைல்

ரதர்க்ளென். மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள்.
என் கையில் போக்குவரத்துக் கணக்கெடுப்பின் படிவம்.
கேள்வி பதினொன்று:
வீட்டிலிருந்து பணியிடம் எவ்வளவு தூரம்?

இடது கதவு ஃபெர்கஸ் பைர்ன்.
கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது.
ஏழு நாற்பத்திரண்டு ரயில், மூன்றாவது பெட்டி,
காப்பீட்டு அலுவலகம், நான்கரை மைல்,
கதவிலிருந்து மேசைவரை முப்பத்தெட்டு நிமிடம்,
பதினாறு வருடமாக.
மேலங்கியின் உள்பையிலிருந்து
வருடச் சீட்டை எடுத்துக் காட்டினார். நான் கேட்கவில்லை.
டல்மார்னக்குக்கு முன்னால் ரயில் ஆற்றைத் தாண்டும்போது மட்டும்
புத்தகத்தை மூடி வைத்துவிடுவாராம்.
"அந்த அரை நிமிடம் நான் வீட்டுக்காரனும் இல்லை,
ஆபீஸ்காரனும் இல்லை."
இதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டேன்.

வலது கதவு டனூட்டா.
கொதிகலன் பழுது பார்ப்பவர், சொந்தத் தொழில்.
ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் காலுறையோடு வந்து திறந்தார்.
எவ்வளவு தூரம்?
"எந்த வேலைக்கு?"
வழக்கமான வேலைக்கு.
இன்னொரு பூட்ஸைத் தேடியபடி சொன்னார்:
"திங்கள் லார்க்ஸ். கடலைப் பார்த்த வீடு, குளிர்ந்த குளியலறை.
செவ்வாய் இதே தெருவில், நாலு கதவு தள்ளி,
வீட்டுச் செருப்போடு போய்விட்டு வந்தேன்.
புதன் யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிடாத நாளுக்கு எத்தனை மைல் போடுவீர்கள்?"

எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?
"போன் அடிக்கும்போது."
எதில்?
"வேனில். வேன் கிளம்பாத நாளில்
வேன்தான் அன்றைய வேலை."

பிப்ரவரியில் பனி கொட்டி ரயில் நின்ற நாளைப் பற்றி
இருவருமே சொன்னார்கள், தனித்தனியாக.
ஃபெர்கஸ் வீட்டிலிருந்தார். சம்பளம் குறையவில்லை.
டனூட்டாவுக்கு அன்று ஒன்பது அழைப்பு.
ஒன்பதாவது ஃபெர்கஸுடையது.
"நடுவில் ஆறடிதான். இத்தனை வருடத்தில்
இவ்வளவு பக்கத்தில் எனக்கு வேலை கிடைத்ததில்லை.
போய்ச் சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது."
குளிர்கோட்டோடு காத்திருந்தாராம் அவர்,
கெட்டிலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துக்கொண்டு.

அலுவலகத்தில் கணினி வெற்றுக் கட்டத்தை ஏற்கவில்லை.
மொய்ராவிடம் கேட்டேன்.
"பில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறாள்?"
சமையலறையில்.
"அப்போது வீட்டிலேயே வேலை. பூஜ்யம் போடு."
போட்டேன்.
எனக்கும் ஒரு படிவத்துக்கு நாலு பவுண்டு இருபதுதான்,
பஸ் கட்டணம் என் பாடு.
கதவு தட்டித் திறக்காவிட்டால்
ஏறிய மாடிகள் எந்தக் கணக்கிலும் வராது.
என்னிடம் யாராவது கேள்வி பதினொன்றைக் கேட்டால்
நானும் பூட்ஸைத்தான் தேடுவேன் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் கிளைட்பேங்க் பஸ்ஸில் போனேன்.
எர்ஸ்கைன் பாலத்தின் உச்சியில்
காற்றுக்குப் பயந்து பஸ் வேகம் குறைத்தது.
பக்கத்துத் தடத்தில் கூரைமேல் குழாய் கட்டிய வெள்ளை வேன்.
உள்ளே டனூட்டா,
ஒரு கை ஸ்டியரிங்கில், மறுகையில் பாதி கடித்த ரொட்டி,
டாஷ்போர்டிலிருந்த போனோடு ஏதோ வாதாடிக்கொண்டு.
கீழே அதே ஆறு,
ஃபெர்கஸ் புத்தகம் மூடிப் பார்க்கிற ஆறுதான்,
இங்கே கடலுக்குப் பக்கமாக வந்து அகன்று கிடக்கிறது.
அவர் திரும்பவில்லை.

பஸ் ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்:
நான் எழுதிய பூஜ்யம்
மழையில் வைப்பர் ஆட்டியபடி
என்னை முந்திக்கொண்டு
டம்பார்ட்டன் பக்கம் இறங்கிப் போயிற்று.