இரண்டே இருக்கை

வீட்டை விற்றுப் பாதிப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டோம்.
ஃப்ரிட்ஜ் அவனுக்கு, வாஷிங் மெஷின் எனக்கு.
நாய் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனது,
அது எங்களுக்குச் செய்த உபகாரம்.
மிஞ்சியது இது:
அறுபத்தாறாம் வருஷத்து எம்.ஜி. மிட்ஜெட்,
பச்சை, இரண்டே இருக்கை,
கோணியூசியால் தைத்த கான்வாஸ் கூரை.
தையல் என்னுடையது,
கோணல் அவன் இழுத்துப் பிடித்ததில் வந்தது.
"பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார் வக்கீலம்மா.
நான்கு வருஷமாக அந்தப் பிறகு
திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் நிற்கிறது.
வாடகை ஆளுக்கு எண்ணூறு.

போகியன்று விடிகாலை நாலரை.
துறைமுகம் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள்
வரிசை கட்டி உறங்குகின்றன.
போகும்போது தியாகேசன், வரும்போது நான்,
போன வருஷம் மாற்றி.
என் மடியில் அரை இஞ்ச் ஸ்பேனர்.
இந்தக் காருக்கு ஓட்ட ஒருவர் போதாது.
பெட்ரோல் பம்ப் பின்னால், டிக்கிக்கு அடியில்.
நினைத்தால் நின்றுவிடும்.
இன்னொருவர் இறங்கி ஓடி
அதன் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.
தனக்கே வேண்டுமென்று கேட்டு வாங்காததற்கு
இருவரும் சொல்லும் காரணம் அதுதான்.

ராயபுரம் முழுக்க டயர் புகை.
மஞ்சள் விளக்கு இரண்டும்
பத்தடி நடந்து களைத்துவிடுகின்றன.
மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பானெட்டைத் தடவிய பையன் கேட்டான்,
"இதுவும் எரிக்கத்தானே ஆன்ட்டி?"
தியாகேசன் சிரித்தான்.
அந்தச் சிரிப்பில் முன்பல் ஒன்று புதுசு.
எப்போது விழுந்தது, யார் கூடப் போய்க் கட்டினான்
என்று நான் கேட்கவில்லை.

அடையாறு பாலத்தின் மேல் முதல் தடவை நின்றது.
ஓடினேன், தட்டினேன், ஏறினேன்.
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தருகே மறுபடி.
பின்னால் மாநகரப் பேருந்து.
ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே ஓட்டுநர்
எங்கள் பரம்பரையை விசாரித்தார்.

திருவான்மியூரில்
சூடு காட்டும் முள் இறங்கட்டும் என்று டீக்கடை.
மூக்கிலிருந்த எண்கோண முத்திரையை
எழுத்துக்கூட்டிப் படித்தார் மாஸ்டர்.
"எம்.ஜி. இருக்கு. ஆர் எங்கம்மா விழுந்துச்சு?"
"வர்ற வழியில எங்கயோ" என்றேன்.
"எனக்குச் சக்கரை வேணாம்" என்றான் அவன்.
இதுவும் புதுசு.

முட்டுக்காடு தாண்டி ஒரு தென்னந்தோப்பு மைதானம்.
லாரியில் படுத்தபடி வந்திறங்கிய ஜாகுவார்கள்
முகம் துடைக்கப்பட்டு வரிசையில் நின்றன.
எங்கள் பச்சையின் மேல் போகிக் கரி.
மேசைப் பெண் நிமிராமல் கேட்டாள்,
"ஓனர் பேரு?"
படிவத்தில் கோடு ஒன்றுதான்.
"நப்பின்னை தியாகேசன்" என்றான் அவன்.

ஆதாரில், பாங்கில், கேஸ் ஏஜென்சியில்
செருப்புத் தேய அலைந்து நான் அழித்த பெயர்.
திருத்த வாயெடுத்தேன்.
பின்னால் ஒரு ட்ரையம்ஃப்காரர் பொறுமையிழந்து இருமினார்.
"நடுவுல ஒரு கமா போடும்மா" என்றேன்.
போட்டாள்.

பரிசு ஒன்றுமில்லை.
இஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னார் நடுவர்,
அது காட்டவில்லை.
மதியம் பிரியாணிப் பொட்டலத்தில் இருந்த முட்டையை
வழக்கம்போல் என் பக்கம் தள்ளினான்.
தள்ளிய பிறகுதான் கவனித்தான் போல,
கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.
நான் தின்றேன். முட்டை என்ன செய்தது.

திரும்பும்போது ஸ்பேனர் அவன் மடியில்.
சாவியைத் திருப்பியதும் பம்ப்
டிக் டிக் என்று ஆரம்பிக்கும்,
நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும்.
நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால்
எங்கேயோ கசிகிறது.
இருவரும் வாயைத் திறக்காமல் எண்ணினோம்.
பதினொன்று. பன்னிரண்டு.
கடல் பக்கமிருந்து காற்று.
பதின்மூன்று.