பத்தொன்பது லிட்டர்

ரூவியில் வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே நான் ஸ்வெட்டரில்.
கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் அதே ஏசிதான்,
எனக்கு மட்டும் விரல்நுனி நீலம்.

ஒன்பது மாதம்.
காலையில் இரண்டு முட்டை, மஞ்சள் கரு இல்லாமல்.
மதியம் வெள்ளரிக்காய், தயிர், பாதி குபூஸ்.
இரவில் தண்ணீர், பிறகு மறுபடி தண்ணீர்.
முதல் மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ போனது;
சேலை எந்தக் கடை என்று கேட்பதுபோல
வழி கேட்டார்கள் தோழிகள்.
அப்புறம் எழுபத்தொன்று புள்ளி நான்கு.
திங்கட்கிழமையும் எழுபத்தொன்று புள்ளி நான்கு.
பெருநாள் விடுமுறை கழிந்தும் அதே.
தராசு பழுதென்று வேறொன்று வாங்கினேன்,
எட்டு ரியால்.
அதுவும் அதையே சொன்னது.

பாதியைக் காலாக்கினேன்.
குளியலறைச் சல்லடையில் முடி சேர்ந்தது.
படியேற மனமில்லை, பேச மனமில்லை.
உட்கார்ந்த இடத்தில் காலாட்டும் என் பழக்கம்கூட
எப்போது நின்றதென்று தெரியாது.

புதன்கிழமை, குடிநீர் எந்திரம் காலி.
பக்கத்தில் நீலக் கேன், பத்தொன்பது லிட்டர்.
போன வருடம், கொழுகொழுவென்று இருந்தபோது,
அதைத் தூக்கிக் கவிழ்த்தவள் நான்தான்.
இப்போது முழங்கால் வரை வந்தது,
அங்கே சற்று யோசித்தது,
இறங்கிவிட்டது.

சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
கம்பெனிக்குப் பணம் வராத வருடம்
என்ன செய்தோமென்று எனக்குத் தெரியும்.
முதலில் ஓவர்டைமை வெட்டினோம்.
தாழ்வாரத்தில் பாதி விளக்கை அணைத்தோம்.
அப்புறம் சுமை தூக்குகிறவர்களை அனுப்பினோம்,
அவர்களுக்குத்தான் செலவு அதிகமென்று.
கிடங்குச் சரக்கை மட்டும்
கிள்ளிக் கிள்ளி வெளியே விட்டோம்,
கெட்ட காலம் எத்தனை நாளோ என்று.
அந்த ஆணையில்
என் உடம்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறது,
என்னைக் கேட்காமல்.

அன்றிரவு சோறு வடித்தேன்.
அயலை மீன் குழம்பு, மூன்று துண்டு.
பயத்தில் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.
இரண்டு வாரத்தில் எழுபத்து மூன்று.
தராசை ஜன்னல் வழியே எறிய இருந்தேன்;
சுங்கக் காகிதம் பார்க்கும் சூடான்காரி இல்ஹாம்
அதன் கண்ணில் செலோடேப் ஒட்டினாள்,
ஹம்ரியாவில் பெண்கள் ஜிம்முக்கு
இழுத்துக்கொண்டு போனாள்.
எனக்கு எட்டு கிலோக் கம்பி.
அவளுக்கு அறுபது.
குனி, முதுகை மடக்காதே, தரையைக் காலால் தள்ளு.
மறுநாள் கழிவறையில் உட்கார
சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.
சனி, திங்கள், புதன். கூடவே முட்டை,
இப்போது மஞ்சளோடு.

ஐந்தாம் மாதம் செலோடேப்பைப் பிய்த்தேன்:
எழுபத்திரண்டு.
ஒன்பது மாதப் பட்டினியை விட
அறுநூறு கிராம் கூட.
ஆனால் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை,
ஊக்கு குத்தியிருக்கிறேன்.
எந்தக் கணக்கை எதோடு சரிபார்ப்பது?
வரவு செலவு சேராத பக்கத்தை
நான் மூடிவைப்பதில்லை; இதை மூடினேன்.

நேற்று கேன் காலி.
கொண்டுவந்த ரஃபீக்குல் கை நீட்டினான்,
வேண்டாம் என்றேன்.
குனிந்தேன். தள்ளினேன். கவிழ்த்தேன்.
குபுக்கென்று ஒரு பெரிய குமிழி மேலே போனது.
சட்டைக் கையில் கொஞ்சம் சிந்தியது,
ஸ்வெட்டர் இல்லை.

திரும்பி உட்கார்ந்து ஜூலைச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன்.
எதிர் மேசையிலிருந்து கிளாட்வின் கத்தினான்:
ரெக்ஸலின், காலாட்டாதே,
என் எழுத்தெல்லாம் ஆடுகிறது.