நட்சத்திரக் கணக்கு

துலூத்தில் ஜனவரி.
ஏரி கெட்டித்துக் கிடக்கிறது,
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் இனி மார்ச்சில்தான்.
நடைபாதையில் வழுக்கியவர்கள் மட்டும்
தவறாமல் வருகிறார்கள் எங்களிடம்,
மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு
யாரோ பிடிக்கச் சொல்லிப் போன குழந்தைபோல.

நான் பில் போடுகிறவள்.
எலும்புக்கு ஓர் எண், ஆணிக்கு ஓர் எண்,
இடமா வலமா என்பதற்கு இரண்டு எழுத்து.
இடத்தை வலமென்று ஒருமுறை அடித்துவிட்டேன்.
அவர் நொண்டியது என்னவோ அதே காலில்தான்;
காசோலைதான் இரண்டு மாதம் சேர்ந்து நொண்டியது.

முழங்கால் மாற்றுக்கு
நான் சேர்ந்த வருடம் காப்பீடு அனுப்பிய தொகையை
இழுப்பறையின் உட்புறம் பென்சிலில் எழுதிவைத்தேன்.
ஒவ்வொரு ஜனவரியும் அதன் கீழே ஒன்று.
பதினாறு வரிகள். இறங்க இறங்கச் சிறுக்கிறது.
கழுதை தேய்கிறது;
கட்டெறும்பாக இன்னும் சில ஜனவரி பாக்கி.
கட்டிட வாடகை மட்டும்
தேயக் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஆகவே டாக்டர் கார்லா லிண்ட்குவிஸ்ட்
ஒரு காலைக்குப் பதினெட்டுப் பேரைப் பார்த்தவர்
முப்பத்தொரு பேரைப் பார்க்கிறார்.
வகுத்துக் கொடுத்தது நான்தான்.
ஆளுக்கு ஏழு நிமிடம்,
அதில் கை கழுவ ஒன்று,
கணினியில் தட்ட மூன்று.

மாலையில் இன்னொரு வேலையும் என் தலையில்:
இணையத்தில் எங்களுக்கு விழும் நட்சத்திரங்களைப் பொறுக்குவது.
கார் நிறுத்த இடமில்லை, இரண்டு.
இடுப்புக்கு மட்டும் இருபது வயது திரும்பிவிட்டது, ஐந்து.
வரவேற்பறைத் தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தது, மூன்று.
(உண்மைதான்.)
ஆணி எப்படி இறங்கியது என்று
ஒருவரும் எழுதியதில்லை;
அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் வெண்டல் கார்வனன்.
தாதுத் துறையில் நாற்பது வருடம், வலது முழங்கால்.
ஒன்று.
"என் முகத்தைப் பார்க்கவே இல்லை.
ஆறு தடவை பயிற்சி, அப்புறம் போ என்றுவிட்டார்கள்.
இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை."

அந்த ஆறு யாருடைய ஆறு என்று எனக்குத் தெரியும்.
நாங்கள் கேட்டது இருபது.
தொலைநகலில் கேட்டோம், தொலைபேசியில் கேட்டோம்,
காத்திருக்கச் சொல்லி ஐம்பத்திரண்டு நிமிடம்
சாக்ஸபோன் கேட்டோம்.
மறுப்புக் கடிதம் இதோ கோப்பில்,
அந்த முழங்காலை ஒருநாளும் பார்த்திராத
ஒருவரின் கையெழுத்தோடு.

சொல்லக் கூடாது.
அவர் எங்கள் நோயாளி என்பதையே
பொதுவில் நான் ஒப்புக்கொள்ளக் கூடாது, சட்டம்.
எனவே எல்லோருக்கும் ஒட்டுகிற வரியையே ஒட்டினேன்:
தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்,
அலுவலகத்தை அழையுங்கள்.
அழைத்தால் எடுப்பதும் நான்தான்.
அவர் அழைக்கவில்லை.

போன சனிக்கிழமை மளிகைக் கடையில்
தள்ளுவண்டியைக் கைத்தடியாக்கி வந்தார்.
வண்டிக்குள் பூனைத் தீனி டப்பா, ஒன்றே ஒன்று.
என் வாயில் அந்தக் கடிதம் முழுதும் இருந்தது,
தேதி, குறிப்பெண் உட்பட.
"வெளியே வழுக்குது, பார்த்து" என்றேன்.
கதவைப் பிடித்துக்கொண்டேன்.
அது தானாகத் திறக்கிற கதவு.
என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.
ஏழு நிமிடம் இருக்காது,
இருந்ததுபோல் இருந்தது.

இன்று காலை, ஒன்று இரண்டாகியிருக்கிறது.
வார்த்தை ஒன்றும் மாறவில்லை.
எதற்கென்று தெரியாது;
குளிரில் விரல் தவறியும் இருக்கலாம்.
இழுப்பறையைத் திறந்து
இந்த வருடத்து எண்ணை எழுதப் போனேன்,
பென்சில் முனை உடைந்திருந்தது.

லிஃப்ட் திறக்கிறது.
முப்பத்தொருவரில் முதலாவது ஆள்
எதையும் பிடிக்காமல் வர முயல்கிறார்.
இடது கால்.
இடது என்று குறித்துக்கொள்கிறேன்.